தொண்டையில் முடி உள்ள பூ

நகராட்சிப் பொறியியல் பிரிவில் அவளை ‘டேப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வரைவாளர் வேலை. கைப்பையில் சீப்பு இல்லாத நாள் உண்டு, அளவு டேப் இல்லாத நாள் கிடையாது. ஒருமுறை சோபா வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சொன்ன நீளத்தை நம்பாமல் அளந்து பார்த்து, அரை அங்குலம் குறைகிறது என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, சோபா வாங்காமல் திரும்பியவள். கண்ணால் கண்டதை எழுதுவாள், காணாததை எழுதமாட்டாள். இந்த நல்ல குணம்தான் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

ஓடைக்கரையில் ஒரு நடைபாதை போட முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் இடத்தை அளந்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் பதினாலாவது கட்டம், ‘கரையில் இயற்கையாக வளரும் தாவரங்கள்’. பல வருடங்களாக அந்தக் கட்டத்தில் எல்லோரும் எழுதிவந்தது ஒரே சொல்தான்: புல். பாலம் கட்டினாலும் புல், குழாய் பதித்தாலும் புல். ஒருமுறை பேருந்து நிலையக் கூரைக்கும் யாரோ பழக்கதோஷத்தில் புல் என்று எழுதி, அதுவும் கையெழுத்தாகி வந்திருக்கிறது.

டேப்பும் புல் என்றுதான் எழுதியிருப்பாள். ஆனால் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கியபோது வலது கால் முழங்கால் வரை சேற்றில் போய்விட்டது. காலை உருவ முன்பக்கம் சாய்ந்தவளுக்கு மூக்குக்கு நேரே ஒரு பூ. மஞ்சள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மேலுதடு, கீழுதடு என்று இரண்டு உதடு. கீழுதட்டில் செங்கல் நிறத்தில் புள்ளிகள். என்னமோ சொல்ல வாயெடுத்து, இவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டதுபோல் இருந்தது. சுற்றிப் பார்த்தால் அந்த ஈரம் முழுக்க அதே பூதான். இத்தனை நாள் அந்தப் பாலத்தின் மேல் தினமும் போய்வந்தும் அவள் பார்த்ததில்லை.

படிவத்தில் எழுதினாள்: ‘புல். மற்றும் ஒரு மஞ்சள் பூ. பெயர் தெரியவில்லை.’

ஒன்பதாம் நாள் கோப்பு திரும்பி வந்தது. மேலிடத்தில் யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: ‘பெயர் தெரியவில்லை என்ற பெயரில் தாவரம் எதுவும் இல்லை. இன்னதென்று கண்டறிந்து தெரிவிக்கவும். அதுவரை கரையில் மண்வெட்டி வைக்க வேண்டாம்.’

இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டார். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி வைத்திருந்த மனிதர். அந்த இரண்டு வருடமும் யாரும் எதையும் கேட்காமல் கழிய வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

“ஏம்மா, உங்களை யாரு அந்தப் பூவைப் பாக்கச் சொன்னது?”

“நான் பாக்கலை சார். விழுந்தேன்.”

“விழுந்தவங்க எழுந்து வரணும். எழுதிட்டு வரக் கூடாது.”

அன்று மாலையே அவர் தானே ஓடைக்குப் போய், செல்போனில் படம் எடுத்து, பூவின் பெயர் சொல்லும் செயலியில் போட்டுப் பார்த்தார். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘ஆண்கள் காலணி, பழுப்பு, தோல்’ என்றது. பூ படத்தின் ஓரத்தில் இருந்தது. மறுபடி எடுக்கக் குனிந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அத்தோடு அவருடைய ஆராய்ச்சி முடிந்தது.

கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் ஒரு மேடம் இருப்பதாக யாரோ சொல்ல, டேப் அவருக்குப் போன் செய்தாள்.

“நான் மாணவர்களோட மலைப்பக்கம் வந்திருக்கேன். திங்கக்கிழமை வந்துடுவேன்,” என்றார் செடி மேடம். பின்னால் பேருந்து உறுமும் சத்தம். “ரெண்டு மூணு கொடி பறிச்சு வைங்க. பூ, மொட்டு, இலை, தண்டு எல்லாம் இருக்கணும். ஈரத்துணியில சுத்தி டப்பாவில போட்டு ஃபிரிட்ஜுல வைங்க. வந்து பாக்குறேன்.”

“படம் அனுப்பட்டுமா மேடம்?”

“என்கிட்ட இருக்கறது பட்டன் போன். இதுக்கு முன்னாடி மூணு நல்ல போன் வாங்கினேன். மூணும் மூணு ஓடையில கிடக்கு.”

டேப் அப்படியே செய்தாள். நீலத் துணியை நனைத்துச் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தாள். இங்கே ஒரு தப்பு நடந்தது. அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அவள் வீட்டுக்காரர் முடிதிருத்துபவர். கடைத்தெருவில் சொந்தக் கடை, இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி. வாடிக்கையாளர்களுக்கு அவர் மாஸ்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய தொப்பை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தோளில் இடிக்க ஆரம்பித்தது. ஒரு வாடிக்கையாளர், “மாஸ்டர், சாஞ்சுக்கறீங்களா?” என்று கேட்டேவிட்டார். அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டாள் டேப். காலையில் ஒரு மணி நேரம் நடை. மதியத்துக்குப் பச்சைக் காய், பச்சை இலை, உப்பில்லாமல்; அதையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் அதே நடுத்தட்டில்தான் வைப்பாள். மாஸ்டர் மறுபேச்சுப் பேசவில்லை. தினமும் காலை ஆறு மணிக்குப் போய், ஏழு மணிக்குச் சட்டை நனைய வேர்த்து வந்து நிற்பார். தொப்பை மட்டும் இருந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை. டேப் மாதாமாதம் அளந்து, “சிலருக்கு உடம்பு வாகு அப்படி,” என்று ஆறுதல் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அலுவலகத்தில் அவள் போன் அடித்தது. மாஸ்டர். சாப்பாட்டு நேரத்தில் அவர் கூப்பிடுகிற வழக்கமே இல்லை.

“சும்மாதாம்மா கூப்பிட்டேன். இன்னிக்குச் சாப்பாடு நல்லா இருந்துச்சு.”

இரண்டு வருடத்தில் முதல் பாராட்டு.

“நிஜமாவா?”

“ஆமா. தினம் வைக்கோல் மாதிரி குடுப்ப. இன்னிக்குக் கீரை புதுசா இருந்துச்சு. லேசா கசப்பு, லேசா உப்பு. நீயா மனசு இரங்கி உப்புப் போட்டிருக்கேன்னு நெனச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“நான் உப்பே போடலையே.”

“சரி சரி, நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா அந்த நீலத் துணியை எதுக்கு உள்ள வெச்ச? அது மட்டும் புரியல.”

டேப் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“என்னங்க… எவ்வளவு சாப்பிட்டீங்க?”

“முக்கால்வாசி. ஓரத்துல ஒரு கொடி கிடக்கு. அதுல பூ இருந்ததால அலங்காரத்துக்கு வெச்சிருக்கேன்னு விட்டுட்டேன்.”

“அது சாப்பாடு இல்லீங்க! அது என்னான்னே தெரியாது! அது கோப்பு!”

“என்னது, கோப்பா?”

“சாப்பிடாதீங்க! மிச்சத்தைத் தொடாதீங்க! வந்துட்டேன்!”

இன்ஜினியர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் நிறம் மாறியது, ஆனால் அவள் நினைத்த காரணத்துக்கு அல்ல.

“ஆதாரத்தைச் சாப்பிட்டுட்டாரா?”

“சார், அவரு உசுரு சார்!”

“ஆமாமா, அதுவும்தான். வாங்க, ஜீப்புல போவோம்.”

ஜீப்பில் போகும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அங்கே ஒரு பெண் நிதானமாகக் கேட்டார்: “என்ன செடி சாப்பிட்டார்?”

“அதைத்தாங்க ஒரு வாரமா தேடிக்கிட்டிருக்கோம்.”

“வாய் எரியுதா, வாந்தி, மயக்கம் ஏதாவது?”

“நல்லா இருந்துச்சுன்னு சொன்னார்.”

“வாந்தி எடுக்க வைக்காதீங்க. தனியா விடாதீங்க. எரிச்சலோ மயக்கமோ வந்தா அடுத்த நிமிஷம் இங்க கூட்டிட்டு வாங்க, செடியையும் கொண்டு வாங்க. அதுக்குள்ள பேரைக் கண்டுபிடிக்க முடியுமான்னு பாருங்க. பேர் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.”

மாஸ்டர் கடையில் இல்லை. டேப் சொன்னதைக் கேட்டுப் பாதி சவரத்தில் ஒரு வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு, மாடியில் இருக்கும் பல் மருத்துவமனைக்கு ஏறிவிட்டிருந்தார். அங்கே அவர் தங்கை பல் டாக்டருக்கு உதவியாளர். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணிக்குத்தான் வருவார். தங்கை அண்ணனை நோயாளி நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் காகிதத் துண்டு கட்டி, விளக்கைப் போட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கால்களும் நாற்காலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கையில் எவர்சில்வர் டப்பாவைக் கட்டிப்பிடித்திருந்தார்.

“அண்ணி, நாக்கு நல்லா இருக்கு. கொப்புளம் இல்ல,” என்றாள் நாத்தனார். “ஆனா கீழ்ப்பக்கம் ஒரு கடவாய்ப்பல் சொத்தை. ஆறு மாசமா வா வான்னு சொல்றேன்.”

“இப்ப அது ரொம்ப முக்கியம்!” என்றார் மாஸ்டர்.

டேப் செடி மேடத்துக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, கருவிகள் வைக்கும் தட்டில் வைத்தாள். விஷயம் தெரிந்ததும் மேடம் முதலில் கேட்டது இதுதான்:

“எப்படி இருந்துச்சுன்னு சொன்னார்?”

“மேடம், அவர் பொழைப்பாரா?”

“அதுக்குத்தான் கேக்குறேன். ருசி?”

“லேசா கசப்பு, லேசா உப்பு,” என்று நாற்காலியிலிருந்து ஈனசுரத்தில் குரல் வந்தது.

“ம். ஈரத்துல மஞ்சளாப் பூக்கறது நிறைய இருக்கு. அதுல ஒரு வகை வாயை வேக வெச்சுடும். நமக்கு அது இல்லைன்னு முதல்ல தெரியணும். மிச்சம் என்ன இருக்கு?”

டேப் டப்பாவை அவர் கையிலிருந்து பிரித்து எடுத்தாள். ஒரே ஒரு கொடி. அதில் இரண்டு பூ, ஒரு மொட்டு, ஆறு இலை. நகராட்சிக்கும் மாஸ்டருக்கும் மிஞ்சியது அவ்வளவுதான்.

“நான் கேக்கக் கேக்கப் பாத்துச் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும், ஊகம் பண்ணக் கூடாது.”

“என் அண்ணிகிட்ட அதைச் சொல்லவே வேணாம் மேடம்,” என்றாள் நாத்தனார். டாக்டரின் பூதக்கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு, விளக்கை அண்ணன் வாயிலிருந்து தட்டின் பக்கம் திருப்பினாள்.

விளக்கு நகர்ந்ததும் மாஸ்டருக்கு என்னவோ ஆகிவிட்டது. தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

“ஏம்மா,” என்றார். “ஒண்ணு சொல்லணும்.”

“வாய் எரியுதா?”

“இல்ல. மனசு.”

“சும்மா இருங்க. மேடம், கேளுங்க.”

“இல்ல, இப்ப சொல்லலைன்னா அப்புறம் சொல்ல முடியாமலே போயிடும். நான் நடக்கப் போறதில்ல.”

“நல்லா நடப்பீங்க, ஒண்ணும் ஆகாது.”

“அதைச் சொல்லல. காலையில. ரெண்டு வருஷமா. நேரா கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, ரெண்டாவது நாற்காலியைச் சாச்சுப் போட்டுத் தூங்கிடுவேன்.”

டேப் இடுக்கியைக் கையில் பிடித்தபடி திரும்பினாள்.

“அப்போ அந்த வேர்வை?”

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். “தலையில தண்ணி அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில்.”

“சட்டை முதுகுலகூட நனைஞ்சிருக்குமே!”

“கை எட்டாது. கண்ணாடியைப் பாத்து அடிப்பேன்.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது. வாசலில் நின்ற இன்ஜினியர், குடும்ப விவகாரத்தில் நிற்பது நாகரிகமில்லை என்று ஓரடி பின்வாங்கி, கேட்காமல் போனால் மனசு கேட்காது என்று ஓரடி முன்னால் வந்தார்.

“மாசாமாசம் அளந்தேனே,” என்றாள் டேப் மெதுவாக. “உடம்பு வாகுன்னு நானே சொன்னேனே.”

“நீ அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அழுகையா வரும்மா.”

“ஹலோ,” என்றது போன். “யாராவது இருக்கீங்களா? இதழ் தனித்தனியா இருக்கா, ஒட்டிக் குழாய் மாதிரி இருக்கா?”

டேப் ஒரு மூச்சு இழுத்தாள். கணவனைக் கொல்வதா, காப்பாற்றுவதா என்று அந்த மூச்சில் முடிவெடுத்தமாதிரி இருந்தது. காப்பாற்றிவிட்டுக் கொல்லலாம். குனிந்து ஒரு பூவை இடுக்கியால் மெல்ல இழுத்தாள். அது உதிரவில்லை, சட்டை கழற்றுவதுபோல் முழுசாகக் கழன்று வந்தது.

“ஒட்டியிருக்கு மேடம். முழுசா ஒரே துண்டா வருது. மேல ரெண்டு மடல், கீழ மூணு மடல்.”

“அப்பாடா. வாயை வேக வெக்கிறது இது இல்ல. அதுக்கு இதழ் தனித்தனி.”

மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“ஆனா இன்னும் முடியல. இலை எப்படி நிக்குது? ஒண்ணுக்கொண்ணு எதிரா, மாத்தி மாத்தியா?”

“எதிரெதிரா.” நாத்தனார் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். “கணக்கு தீராத சம்பந்திங்க மாதிரி நேருக்கு நேரா நிக்குது.”

“ஓரம்?”

“பல் இருக்கு,” என்றாள் நாத்தனார். அவள் குரலில் ஓர் அதிகாரம் வந்துவிட்டது. “ஆனா சீரா இல்ல. பெருசும் சின்னதுமா தாறுமாறா. நம்ம கிளினிக்குக்கு வந்தா கிளிப் போடச் சொல்லுவாங்க.”

“பிரமாதம். பூவோட தொண்டையில முடி இருக்கா?”

இருவரும் பார்த்தார்கள். கழன்ற பூவை டேப் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “முடி மாதிரி ஒண்ணு இருக்கு.”

“முடி இல்ல அண்ணி. அது ரெண்டு மேடு. வீக்கம்.”

“முடிதான்.”

“நான் தினம் எத்தனை தொண்டை பாக்குறேன்? வீக்கம்.”

“எதைச் சொல்றதுன்னு தெளிவாச் சொல்லுங்க,” என்றார் மேடம். “இது முக்கியம்.”

அப்போது நாற்காலி கிறீச்சிட்டது. மாஸ்டர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கழுத்துக் காகிதம் ஒரு பக்கம் தொங்கியது. சாவதற்கு இருந்த முகம் இல்லை அது.

“முடியைப் பத்தி ஆளாளுக்குப் பேசுறீங்க. முப்பது வருஷமா நான் என்ன செய்யுறேன்? கொண்டா இங்க.”

பூவை வாங்கினார். விளக்கை இரண்டு விரலால் சரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்தார். தலையைச் சாய்த்தார். கண்ணாடி முன்னால் ஒரு வாடிக்கையாளரின் கிருதா இரண்டு பக்கமும் சமமா என்று பார்க்கும் அதே பார்வை.

“ரெண்டு பேர் சொல்றதும் சரி. ரெண்டு மேடு இருக்கு. மேட்டு மேல முடி இருக்கு. மேடமா? நான்தான் சாப்பிட்டவன் பேசுறேன். முடி குட்டை, மென்மை, மஞ்சள். ரெண்டு நாள் சவரம் பண்ணாத மோவாய் மாதிரி. கீழ்ப்பக்கம் அடர்த்தி, மேல போகப் போகக் குறையுது. வாய் கிட்டத்தட்ட அடைச்ச மாதிரி இருக்கு.”

மேடம் சொன்னார்: “இருபத்திரண்டு வருஷமாப் பாடம் நடத்துறேன். இப்படி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல. நீங்க பிழைச்சா ஒருதடவை என் வகுப்புக்கு வரணும்.”

“பிழைச்சாவா?” என்று மாஸ்டர் மறுபடி சாய்ந்தார்.

“இன்னும் ரெண்டே கேள்வி. பூவுக்கு அடியில பச்சையா ஒரு பை இருக்கும். அது வாயில அஞ்சு பல் இருக்கணும். எல்லாம் ஒரே அளவா?”

இது நாத்தனாரின் துறை. மற்றப் பூவைப் பிடித்து, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அடியில் கொடுத்தாள். “ஒண்ணு, ரெண்டு… அஞ்சு. நாலு ஒரே மாதிரி. மேல இருக்கறது மட்டும் நீண்டு வெளிய வந்திருக்கு. தெத்துப்பல்.”

“எவ்வளவு நீளம்?” மேடம் கேட்டு முடிக்கும் முன்னே டேப்பின் டேப் வெளியே வந்திருந்தது. “மத்தது ரெண்டு மில்லிமீட்டர். இது நாலு.”

“கடைசிக் கேள்வி. பூவுக்கு உள்ள, மேல் பக்கத்துல, சின்ன உதடு மாதிரி ரெண்டா பிளந்து ஒண்ணு நிக்கும். அதை மெல்லத் தொடுங்க. என்ன ஆகுதுன்னு சொல்லுங்க.”

நாத்தனார் ஒரு கையால் பூவைப் பிடித்திருந்தாள், மறு கையில் கண்ணாடி. டேப் கையில் டேப். மாஸ்டர் மறுபடி படுத்துவிட்டார். மிஞ்சியது இன்ஜினியர்.

“சார், நீங்க தொடுங்க.”

“நானா?”

“உங்க பாக்கெட்டுல பென்சில் இருக்கே சார்.”

இன்ஜினியர் முன்னால் வந்தார். பிடித்த இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு குனிந்தார். ஒரு வாரமாகத் தன் நிம்மதியைக் கெடுத்த பூவை அன்றைக்குத்தான் அவர் நேருக்கு நேராகப் பார்த்தார். பென்சில் முனையை உள்ளே விட்டு, கடைக்கோடியில் வெள்ளையாக நின்ற அந்தக் குட்டி உதட்டைத் தொட்டார்.

அது மூடிக்கொண்டது. அவசரமில்லாமல், யாரோ பக்கத்தில் வந்ததும் புத்தகத்தை மூடுவதுபோல்.

இன்ஜினியர் பென்சிலைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “மூடிடுச்சு! நான் ஒண்ணுமே பண்ணலைம்மா, தொட்டதுமே மூடிடுச்சு!”

“வாயைத் திறங்கன்னா மூடுறது நம்ம பேஷண்டுங்க மாதிரியே இருக்கு,” என்றாள் நாத்தனார்.

மேடம் சிரிப்பது கேட்டது. “குரங்குமுகப் பூ. சந்தேகமே இல்ல. நேரா நின்னு பாத்தா அந்தப் புள்ளி போட்ட முகம் பல்லிளிக்கற குரங்கு மாதிரி இருக்கும், அதான் பேரு. வேற எங்கிருந்தும் கொண்டுவந்து வெச்சதில்ல, இந்த ஓடையோட சொந்தப் பிள்ளை. ஈரக் கரையும் ஈரப் புல்வெளியும் போச்சுன்னா அதுவும் போயிடும்.”

“விஷமா மேடம்?” என்றார்கள் நான்கு பேரும்.

“விஷமில்ல. இளசா இருக்கும்போது அதைப் பச்சையாவே சாப்பிடறவங்க உண்டு. லேசா கசப்பு, லேசா உப்புன்னு அவர் சொன்னப்பவே எனக்குப் பாதி சந்தேகம் போச்சு. ஆனா ருசியை வெச்சு மட்டும் செடிக்குப் பேரு வெக்கக் கூடாது இல்லையா? ஆஸ்பத்திரிக்கும் பேரைச் சொல்லிடுங்க, அவங்க சொல்றதைக் கேளுங்க. ஆமா, மொத்தம் எத்தனை கொடி பறிச்சீங்க?”

“நாலு மேடம்.”

“அவர் சாப்பிட்டது மூணா?” மேடத்தின் குரலில் முதல்முறையாக வருத்தம் தெரிந்தது. “மூணு நல்ல மாதிரி! அழுத்தி, காயவெச்சு, அட்டையில ஒட்டியிருக்கலாம்.”

மருத்துவமனைக்குப் பெயரைச் சொன்னார்கள். அங்கிருந்த பெண்ணும் விசாரித்துவிட்டு, பயமில்லை, சாயங்காலம் வரைக்கும் கவனித்துக்கொள்ளுங்கள் போதும் என்றார். மாஸ்டர் நாற்காலியிலிருந்து இறங்கினார். காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். உயிர் வந்த பிறகுதான் அவருக்கு மற்றது ஞாபகம் வந்தது.

“ஏம்மா,” என்றார். “நடுவுல நான் ஏதோ உளறினேன் இல்ல…”

டேப் அவர் கழுத்துக் காகிதத்தை அவிழ்த்தாள். மடித்தாள். குப்பைக் கூடையில் போட்டாள். அந்த நிதானம் அவருக்கு விஷத்தைவிடப் பயமாக இருந்தது.

“உளறலையெல்லாம் கணக்குல எடுத்துக்க வேணாம்,” என்றார். “மயக்கத்துல சொல்றது.”

“மயக்கமே இல்லைன்னுதான் ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கேன்,” என்றாள் டேப். “நாளைக்குக் காலையில ஆறு மணி. நானும் வர்றேன்.”

“நீ எதுக்கும்மா சிரமப்பட்டு…”

“ஓடைவரைக்கும் ஆயிரத்து எழுநூறு மீட்டர். நான் அளந்திருக்கேன்.”

கீழே கடையில் பாதி சவரத்தோடு விட்டுவந்த வாடிக்கையாளர், ஒரு கன்னத்தில் காய்ந்த நுரையோடு, நாற்காலியைச் சாய்த்துப் போட்டு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். “பாத்தியா?” என்றார் மாஸ்டர், மெதுவாக. “அந்த நாற்காலி அப்படிம்மா. யாரா இருந்தாலும் தூங்க வெச்சுடும்.” டேப் சிரிக்கக் கூடாது என்று இருந்தாள். முடியவில்லை. சிரித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அரைமணி நேரமாக அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டியிருந்தது. மாஸ்டர் தோளில் கிடந்த சுத்தமான துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை மேடமே ஓடைக்கு வந்து பார்த்து, கையெழுத்திட்டுக் கொடுத்தார். படிவத்தின் பதினாலாவது கட்டத்தில் டேப் பெயரை எழுதினாள். இன்ஜினியர் அதை வாங்கிப் படித்து, பேனாவைத் திறந்து, தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: ‘தொட்டால் மூடிக்கொள்ளும். நேரில் கண்டேன்.’ அப்படி எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதிவிட்டு, அந்த வரியை இரண்டு தரம் படித்துப் பார்த்தார்.

மேலிடத்திலிருந்து பதில் வர ஒரு மாதம் ஆனது. பூ இருக்கும் எண்பது மீட்டரில் கரையைத் தொட வேண்டாம், பாதையை மேட்டுப்பக்கம் தள்ளிப் போடவும் என்று உத்தரவு. நேர்க்கோடாக வரைந்திருந்த பாதையை டேப் அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். வளைவு சரியாக விழ நான்கு தாள் கிழிக்க வேண்டியிருந்தது. பாதை திறந்ததும் இந்த இடத்தில் எதற்கு இந்தக் கோணல் என்று நடப்பவர்கள் முணுமுணுத்தார்கள். பூக்கும் காலம் வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டு அந்த வளைவில் கொஞ்சம் நின்று போனார்கள்.

மாஸ்டர் கடையில் அந்தக் கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. டேப் ஒருநாள் மதியம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே அவர் குரல் கேட்டது.

“…விஷமா இல்லையான்னு யாருக்கும் தெரியல. பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்களே கையை விரிச்சுட்டாங்க. அப்போ நான் சொன்னேன், ஊருக்கு ஒரு பாதை வேணும், நான் சாப்பிட்டுப் பாக்குறேன்…”

நாற்காலியில் இருந்தவர் தொண்டையில் சவரக்கத்தி இருந்ததால் எதையும் மறுக்கிற நிலையில் இல்லை.

மாஸ்டர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்துவிட்டார். கத்தி நின்றது. டேப் ஒரு நொடி அவரையே பார்த்தாள். கண்டதை மட்டும் சொல்கிறவள் அவள். வாடிக்கையாளரும் கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார், இது உண்மைதானா என்று கேட்பதுபோல.

“ஒரு திருத்தம்,” என்றாள். “பூவை அவர் சாப்பிடல. இலை, தண்டு மட்டும்.”

சொல்லிவிட்டு, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினாள். உள்ளே கத்தி மறுபடி நகரும் சத்தம் கேட்டது. கூடவே மாஸ்டரின் குரலும், முன்னைவிடக் கொஞ்சம் கம்பீரமாக.